சுந்தராம்பாள் எடுத்த போன்

எங்கள் கம்பெனி மூடியதற்குக் காரணம் நாற்காலி. நாங்களும் நாற்காலிதான் செய்துகொண்டிருந்தோம் என்பது வேறு விஷயம்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்தது எங்கள் கம்பெனி. கல்யாண வீட்டில், டீக்கடை வாசலில், மசூதிக்குப் பக்கத்து மரத்தடியில் கிடக்குமே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் எங்கள் சரக்கு. வெளிநாட்டிலிருந்து கண்டெய்னர் கண்டெய்னராக நாற்காலி வந்து இறங்க ஆரம்பித்தது. நாங்கள் பிளாஸ்டிக் குருணை வாங்குகிற விலைக்கே அவர்களுடைய முழு நாற்காலி கடையில் கிடைத்தது. முதலாளி ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். முதலில் ஓவர்டைம் போனது, பிறகு நைட் ஷிப்ட் போனது. கடைசியில் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு, கலாஸ், எல்லாம் முடிந்தது என்று கையை உதறிவிட்டார். அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆளே பாதியாகத்தான் இருந்தார்.

நான் அங்கே மெயின்டனன்ஸில் இருந்தேன். பெயர் மணிகண்டன், ஊர் காளையார்கோவில் பக்கம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, போகப் போக நீங்களே தெரிந்துகொள்ளத்தான் போகிறீர்கள்.

பழனிச்சாமி அண்ணன் மெஷின் ஆபரேட்டர், காங்கேயத்துக்காரர். கல்யாணமான மறு வருஷமே இங்கே வந்தவர். அவர் பிள்ளை இப்போது காலேஜில் படிக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு மாதம் லீவு. அவரும் அவர் மனைவி சுந்தராம்பாளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. இதை அவரே ஒரு நாள் கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்ப்பில் துணி துவைத்துக்கொண்டே சொன்னார், ஏதோ சோப்புத் தீர்ந்துபோனதைச் சொல்வது போல.

கம்பெனி மூடுகிறது என்றதும் ஆபீஸில் ஒரு குறுக்கு வழி காட்டினார்கள். நீங்களாகவே ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே டிக்கெட். இல்லை, கம்பெனிதான் நீக்கியது என்று கடிதம் வேண்டுமானால் சில நாள் ஆகும். அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டார். நான் மட்டும் அந்த நேரத்துக்கு ஆபீஸ் ஏசியைப் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் கையெழுத்தே விழுந்திருக்கும்.

"அண்ணே, கையை எடுங்க! நீங்களா போறேன்னு எழுதிக் குடுத்தா கவர்மெண்ட் காசு மாஃபி, ஒண்ணும் கெடையாது. கம்பெனி நீக்குச்சுன்னு எழுதினாத்தான் கெடைக்கும்."

"இல்ல மணி, நீக்கிப்போட்டாங்கன்னு காயிதம் குடுத்தா, ஊருல என்னமோ களவாணித்தனம் பண்ணிப்போட்டு வந்த மாதர ஆயிருமப்பா."

இதுதான் எங்கள் ஆட்களின் புத்தி. இருபது வருஷம் மெஷின் சூட்டில் வெந்தவனுக்குக் காகிதத்தில் உள்ள ஒரு சொல்லுக்காக வெட்கம். இங்கே அரசாங்கம் சில வருஷங்களுக்கு முன்னால் வேலை இழப்புக் காப்பீடு என்று ஒன்றைக் கட்டாயமாக்கியது. மாதாமாதம் ஒரு டீக்காசு கட்ட வேண்டும். இதிலும் பிடுங்குகிறான்களா என்று அப்போது அரபியிலும் இந்தியிலும் தமிழிலும் திட்டினோம். இப்போது அதுதான் கை கொடுத்தது. வேலை போனால் மூன்று மாதம் வரைக்கும் அடிப்படைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வரும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வேலை தேடிக்கொண்டு இந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். வேறு வேலை கிடைத்தால் நின்றுவிடும், ஊருக்கு விமானம் ஏறினாலும் நின்றுவிடும்.

அண்ணனை வம்படியாகப் பிடித்து முறையான கடிதம் வாங்க வைத்து, போனிலேயே மனுவும் போட்டுக் கொடுத்தேன். நல்லது செய்துவிட்ட பெருமையில் நான் இருந்தேன். அவர் முகம் மட்டும் தெளியவில்லை. விசாரித்தால், கம்பெனி மூடுகிற அன்றைக்கே, "இந்த வாரம் வந்துருவேன்" என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டாராம்.

"இப்ப வர முடியாதுன்னதுக்கு என்ன சொன்னாங்க அண்ணி?"

"'சரிங்க'ன்னு சொன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல." அந்த 'சரிங்க' அவரை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு டூட்டி இல்லை, அந்த நேரம் பார்த்து ஊருக்கும் போக முடியாது. கொடுக்கிறவன் கையைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கே என்னவோ போல்தான் இருந்தது.

கேம்ப்பைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் ஷார்ஜா கடைவீதிப் பக்கம் ரோலாவுக்கு வந்தோம். அங்கே மஹ்மூது பாய் ஒரு பழைய பிளாட்டை எடுத்து, ப்ளைவுட் பலகையால் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு தடுப்பில் தும்மினால் நாலாவது தடுப்பில் கேட்கும். ஆளுக்கு ஒரு கட்டில் பிடித்தோம். முதல் மாத உதவித்தொகை வந்தது. அண்ணன் ஊருக்குப் பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்சுக்குப் போய்த் திரும்புவார் என்று பார்த்தால், பக்கத்து டிராவல்ஸ்காரனிடம் போய்விட்டு வந்தார். சுந்தராம்பாளுக்கு ஒரு மாத விசிட் விசா.

பிளாட்டே கூடி அவரைப் பேசியது. "வேலை இல்லாத ஆளுக்குச் சோத்துக்குக் குடுத்த காசுய்யா அது. அதுல போயி பொண்டாட்டியக் கூட்டியாந்து ஊரு சுத்திக் காட்டப் போறீரா?" என்று மஹ்மூது பாய் தலையில் அடித்துக்கொண்டார். நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

அண்ணன் நிதானமாகச் சொன்னார். "நான் ஊருக்குப் போகக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்குது. அவ இங்க வரக்கூடாதுன்னு சொல்லலையே."

மஹ்மூது பாய் முணுமுணுத்துக்கொண்டே எனக்கு அடுத்த தடுப்பை அவர்களுக்குத் தனியாக ஒழித்துக் கொடுத்தார். வாடகையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். சுந்தராம்பாள் அண்ணி ஒல்லியாக, உயரமாக, புதுச் செருப்பு கடிக்கிற நடையோடு வந்தார். அண்ணன் போய்ப் பையை வாங்கிக்கொண்டு, "பிரயாணமெல்லாம் சவுரியமா இருந்துதுங்களா?" என்றார். கட்டிய பெண்டாட்டியை! ஏதோ தாசில்தாரை வரவேற்பது போல. அண்ணியும், "சவுரியம்தானுங்க" என்றார். டாக்ஸியில் ரோலா வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

முதல் வாரம் முழுக்க ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் ஒட்டுக் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். கரண்டி சத்தம் வரும், ஃபேன் சத்தம் வரும். "போதுமுங்களா?" "போதும்." அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா அத்தனை காசு?

ஒரு சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கிச் சிரித்தார். பிறகு யாருடைய கல்யாணத்திலோ நடந்த கூத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அப்பாடா, ஒரு வழியாகப் பேசிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கக் கீழே போனேன். எக்ஸ்சேஞ்ச் வாசலில், தூணில் சாய்ந்துகொண்டு, காதில் போனோடு நிற்கிறார் பழனிச்சாமி அண்ணன்.

"அப்பறம் என்னாச்சு அம்மிணி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்.

நான் போய் எதிரே நின்றேன். அவர் முகம் சிவந்துபோனது. "நேருல உக்காந்தா நாக்கு எழ மாட்டேங்குது மணி. அவளுக்கும் அப்படித்தானாம். போனக் காதுல வெச்சாத்தான் பேச்சே வருது. இத்தன வருசமா இப்படித்தானே பழக்கம்."

கிண்டல் செய்ய வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். என் மனைவி அகிலாவிடம் நான் பேசுவது சாப்பாடு, கரண்ட் பில், மகள் வாங்கிய மார்க். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அகிலா அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு அவர்கள் வெளியே போக ஆரம்பித்தார்கள். லகூன் கரைக்குப் போனார்கள். பஸ் ஏறி துபாய் போய், சத்வாவில் அண்ணிக்கு ஒரு சுடிதார் தைக்கக் கொடுத்தார்கள். அண்ணி சுடிதார் போட்டது அதுதான் முதல் தடவை. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வர அரைமணி நேரம் கதவுக்குப் பின்னாலேயே நின்றார். ஒரு நாள் மூன்று பேரும் ரோலாவில் ஒரு கஃபட்டீரியா வாசலில் கடக் சாயா என்கிற திக்கான பால் டீ குடித்தோம். அண்ணன் உட்காருமுன் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் பார்த்தார்.

"என்னங்க பாக்கறீங்க?"

"இது எங்க கம்பெனிது. இந்தா, மோல்டு நம்பரு. இந்த மெஷினுல நான்தான் நின்னேன்."

அண்ணி அந்த நாற்காலியின் கையை மெல்லத் தடவினார். "இதைச் செய்யறதுக்குத்தான் நீங்க வராம இருந்தீங்களா?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, குழந்தை கேட்பது போலத்தான் கேட்டார். அண்ணன் அந்த நாற்காலியை நிமிர்த்தி, அண்ணி பக்கம் நகர்த்தி, "நீ இதுல உக்காரு" என்றார். கப்பில் சாயா ஆறுகிற வரைக்கும் அண்ணி அதில் உட்கார்ந்திருந்தார்.

இதற்குள் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கே என்று கேட்காதீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனிக்குக் குழி தோண்டிய அதே நாற்காலிகளை இறக்குமதி செய்கிறவர்களின் வேர்ஹவுஸில். கண்டெய்னரைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஆனாலும் சம்பளம் சரியான தேதியில் வந்துவிடும். அங்கே மேனேஜர் ரவிசங்கர், சென்னைக்காரர், நல்ல மனுஷன். அவர்கள் துபாய்க்கும் அந்தப் பக்கம், தொலைவாக ஜெபல் அலியில் புதுக் குடோன் திறந்தார்கள். அனுபவமுள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்றார். நான் பழனிச்சாமி அண்ணன் பெயரைச் சொன்னேன். ஒரு முறை சொன்னதோடு விடாமல், கண்டெய்னருக்குக் கண்டெய்னர் அவர் காதில் ஓதினேன். கடைசியில் சரி என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணன் அண்ணியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "காலைல ரவிசங்கர் சாரே கூப்பிடுவாரு. கூப்பிட்டதும் பாஸ்போர்ட்டோட கெளம்பிரணும் அண்ணே. கேம்ப் ஜெபல் அலியில. இனிமே இந்தக் கவர்மெண்ட் காசை நம்பி இருக்க வேணாம்."

அண்ணன் தலையாட்டினார். மூன்று மாதம் முடிந்தால் உதவியும் முடிந்தது, விசாவும் முடிந்தது. இந்த வயசில் இன்னொரு வேலை தானாக வந்து கதவைத் தட்டாது. இது அவருக்கும் தெரியும். அண்ணி எனக்குத் தட்டில் சோறு போட்டபடி, "அங்க பொம்பளைங்க தங்கலாமுங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல அண்ணி, அது பேச்சிலர் கேம்ப். ஆனா உங்க விசா முடியிற வரைக்கும் நீங்க இங்கயே இருக்கலாம், பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சரிங்க," என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் ரவிசங்கர் சார் என்னைக் கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன மணி, உங்க ஆளுக்குத்தான் வேற எங்கயோ வேலை கெடைச்சிடுச்சே, அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட வெச்ச?"

"வேலையா? இல்லையே சார்!"

"அவர் வொய்ஃப்தான் போன் எடுத்தாங்க. அவரு டூட்டியில இருக்காருன்னு சொல்லி வெச்சிட்டாங்க."

எனக்கு விஷயம் புரிந்தது. ஊரில் அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், யார் போன் செய்தாலும், பத்திரிகை வைக்க வந்தவர் ஆனாலும், ஓட்டுக் கேட்க வந்தவர் ஆனாலும், இருபது வருஷமாக அண்ணி சொல்லும் பதில் அது ஒன்றுதான். அவரு டூட்டியில இருக்காருங்க. நாக்கில் ஊறிப்போன வார்த்தை, தன்னால் வந்துவிட்டது. இதை சாரிடம் விளக்கினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி போ. வண்டியை எடுத்துட்டுப் போய் ஆளைக் கூட்டிட்டு வா. ரெண்டு மணிக்குள்ள பேப்பர் குடுக்கணும். வரலைன்னா அந்த லுக்மானைப் போட்டுடுவேன், அவனும் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்."

கம்பெனி வண்டியை ரோலாவுக்கு விரட்டினேன். வழியெல்லாம் அண்ணியைத் திட்டிக்கொண்டேதான் போனேன். படி ஏறிக் கதவைத் தட்டினால், அண்ணன் அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கிறார். காலையில் போனை வைத்துவிட்டுக் கீழே பால் வாங்கப் போயிருந்தாராம், போன் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, சட்டையப் போடுங்க. யல்லா, சீக்கிரம்! சார் கூப்பிட்டாரு, அண்ணி எடுத்து, ஊர்ல சொல்ற மாதிரி டூட்டியில இருக்காருன்னு சொல்லிப்புட்டாங்க. நான் பேசிச் சரி பண்ணிட்டேன்."

அண்ணன் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். "கோவிச்சுக்காத மணி. அவளுக்குப் பழக்கம். தூக்கத்துல கேட்டாக்கூட அதையேதான் சொல்லுவா." சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துக் கையை நுழைத்தார்.

அண்ணி அடுப்படியிலிருந்து வந்து தடுப்பு வாசலில் நின்றார். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"பழக்கம் இல்லீங்க," என்றார்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"தெரிஞ்சுதான் சொன்னேன். இன்னாருன்னு அவரு பேரச் சொன்னாருங்க. வேலை விசயம்னும் சொன்னாரு. எனக்கு எல்லாம் வெளங்குச்சு." விரலில் ஒட்டிய மாவை உரசிக்கொண்டே தொடர்ந்தார். "வந்ததுல பாதி நாளு எங்களுக்குப் பேசவே வரல. இப்பத்தான் நேருல மொகத்தப் பாத்து ரெண்டு வார்த்தை பேசறமுங்க. இப்பத்தானுங்க. இன்னம் கொஞ்ச நாளுதான் இருக்குது. அதையும் குடுத்துப்போட்டு நான் ஒத்தையில இந்தப் பலகையப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? என்னால முடியலீங்க தம்பி. தப்புதான். வேலை போயிருச்சுன்னா நான் ஊருல போயி பனியன் கம்பெனிக்குப் போறேன். ஆனா பொய்யி தெரிஞ்சுதான் சொன்னேன்."

இத்தனையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கடைசி வார்த்தையை மட்டும் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணனுக்கு ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. எனக்கு அவரை நன்றாகத் தெரியும். ஷிப்ட்டுக்கு ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவர் இல்லை. காய்ச்சலோடு மெஷினில் நின்றவர். இப்போதும் சட்டையைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்துவிடுவார், அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, நேரமாச்சு," என்றேன்.

அவர் நுழைத்த கையை வெளியே எடுத்தார். சட்டையை உதறி, சுருக்கம் நீவி, மறுபடியும் ஆணியில் மாட்டினார்.

"நீ போ மணி. டூட்டியிலதான் இருக்கேன்னு சொல்லிப்போடு."

"அண்ணே, விளையாடாதீங்க. இதை விட்டா வேற கெடைக்காது."

"தெரியுது. சொல்லிப்போடு." பிறகு அண்ணியிடம், "மாவு காயுது பாரு, போயி கையக் கழுவு," என்றார். அண்ணி நகரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று அழுதார். அண்ணன் போய்ப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் இடையில் நான் எதற்கு? கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ரவிசங்கர் சாரிடம் அப்படியே சொன்னேன். அண்ணனுக்கு வேறு இடத்தில் கிடைத்துவிட்டதாம் சார், எனக்குத்தான் தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லுக்மானைக் கூப்பிட்டார். சாயங்காலமே லுக்மான் பெட்டியோடு ஜெபல் அலிக்குப் போய்விட்டான்.

வேலை முடிந்து வந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. போன் இல்லாத பேச்சு. ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவர் குறுக்கே புகுந்துகொண்டிருந்தார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அகிலாவைக் கூப்பிட்டேன். வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் இல்லை என்பதால் அவள் பதறினாள். ஒன்றுமில்லை என்று சொல்லி நடந்ததை முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு நானே கேட்டேன்.

"நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப? நான் உன் பக்கத்துல இருக்கேன்னு வையி. வேலைக்கு வரச் சொல்லி ஒரு போன் வருது. என்ன சொல்லுவ?"

அவளுக்குப் பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. அதை யாரோ நிறுத்தினார்கள்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? போன் வர்ற நேரத்துல நீங்க என் பக்கத்துல இருந்ததே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எப்போதும் நீளுகிற என் வாய்க்கு அப்போது ஒரு சொல்லும் வரவில்லை. போனை வைக்கவும் மனசு வரவில்லை. அவளும் வைக்கவில்லை.